டெல்டா ரோடும் ரேஸ் ட்ராக்கும்: அட்ஜஸ்டபிள் சஸ்பென்ஷன் மாட்டுவதற்கு முன் கேட்கப்படும் கேள்விகள்

தஞ்சாவூர், கும்பகோணம், மயிலாடுதுறை, மன்னார்குடி பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருப்பவர்கள் அதிகம் பேர் இல்லை. ஆனால் இருக்கிறவர்களில் பாதிப் பேராவது கோவைக்கோ சென்னைக்கோ ட்ராக் நாளுக்கு, அதாவது சொந்தக் காரை ரேஸ் ட்ராக்கில் ஓட்ட விடும் நாளுக்கு, போய்விட்டு வந்து, "சஸ்பென்ஷனை மாத்தணும், என்ன வாங்கலாம்?" என்று கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே சேர்த்திருக்கிறேன். ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம்மில் யாரும் காரை டிரெய்லரில் ஏற்றிக்கொண்டு ட்ராக்குக்குப் போவதில்லை. தஞ்சாவூரிலிருந்து கோவை 250 கி.மீ.க்கு மேல், சென்னைக்குப் பக்கத்தில் ட்ராக் இருக்கும் இருங்காட்டுக்கோட்டை 300 கி.மீ.க்கு மேல், அதை ஓட்டிக்கொண்டே போய் ஓட்டிக்கொண்டே திரும்புகிறோம். கீழே எழுதியிருக்கும் எல்லாப் பதிலும் இந்த ஒரு விஷயத்தை வைத்துத்தான்.

காயிலோவர், காயிலோவர் என்கிறார்களே, அதில் அப்படி என்ன இருக்கிறது?

ஷாக் அப்சார்பரைச் சுற்றியே ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும், ஷாக் உடம்பில் மரை வெட்டியிருக்கும், அந்த மரையில் வளையத்தைத் திருகிக் காரின் உயரத்தை ஏற்றலாம் இறக்கலாம். நல்ல செட்டாக இருந்தால் டேம்பிங்கையும், அதாவது ஸ்பிரிங்கின் ஆட்டத்தை ஷாக் அடக்கும் அளவையும், ஒரு குமிழைத் திருகி மாற்றலாம். சில கார்களில் பின்பக்கம் ஸ்பிரிங் தனியாகவும் ஷாக் தனியாகவும் இருக்கும், அதையும் கடையில் காயிலோவர் செட் என்றுதான் விற்பார்கள், அதில் தவறில்லை.

எனக்கு இது தேவையா அண்ணே? கார் வளைவில் ரொம்பச் சாய்கிறது.

சாய்வது மட்டும்தான் பிரச்சினை என்றால் இப்போது வேண்டாம். முதலில் நல்ல டயர் போடுங்கள், பிரேக் ஆயிலை மாற்றுங்கள், சூடு தாங்கும் பிரேக் பேட் போடுங்கள், அலைன்மென்ட்டை ஒழுங்காகப் பாருங்கள். ட்ராக்கில் புதிதாக ஓட்டுகிறவருக்கு ஒரு சுற்றின் நேரம் குறைவது இதிலெல்லாம்தான். அப்புறம், கார் 60,000 கி.மீ. தாண்டியிருந்தால் அதிலிருக்கும் பழைய ஷாக்கும், சக்கரத்தைப் பிடித்திருக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்ஷும் தேய்ந்துபோயிருக்க வாய்ப்பு அதிகம். தேய்ந்த புஷ்ஷை அப்படியே வைத்துக்கொண்டு மேலே விலை உயர்ந்த காயிலோவரை மாட்டினால் ஸ்டியரிங்கில் வரும் தளர்ச்சி அப்படியேதான் இருக்கும்.

டயரின் வெளி ஓரம் தேய்கிறது, நடுப்பகுதி புதிதாகவே இருக்கிறது, வளைவின் நடுவில் ஒரு மேடு வந்தால் கார் துள்ளி இடம் மாறுகிறது, பிரேக் பிடிக்கும்போது மூக்கு அளவுக்கு மீறி அமுங்குகிறது, இதெல்லாம் இருந்தால் தாராளமாகப் போடலாம்.

எந்த வகை வாங்குவது?

மூன்று படிகள் இருக்கின்றன. உயரம் மட்டும் மாற்றக்கூடியது முதல் படி: கேடபிள்யூ வி1, பில்ஸ்டீன் பி14 இந்த வகை, டேம்பிங்கைக் கம்பெனியே முடிவு செய்து பூட்டியிருப்பார்கள். அடுத்த படியில் ஒரே குமிழ். பில்ஸ்டீன் பி16-இல் 10 நிலைகள், ஒரு குமிழே அமுங்குவதையும் திரும்புவதையும் சேர்த்து மாற்றும். ஓலின்ஸ் ரோடு அண்ட் ட்ராக்கும் ஒற்றைக் குமிழ்தான். கேடபிள்யூ வி2-இல் ரீபவுண்ட், அதாவது ஷாக் திரும்பி நீள்வது, மட்டும் மாறும். மூன்றாவது படியில், அதாவது வி3 போன்றவற்றில், பம்ப் (அமுங்குவது) தனி, ரீபவுண்ட் தனி.

நம்மைப் போல ஓட்டிக்கொண்டு போய்வருகிறவர்களுக்கு ஒற்றைக் குமிழ் போதும் என்பது என் உறுதியான கருத்து. இரண்டு குமிழ் என்றால் நான்கு சக்கரத்துக்கும் சேர்த்து எட்டு இடங்களில் திருகவேண்டும், எதை மாற்றியதால் எது மாறியது என்று புரியாமலேயே ஒரு ட்ராக் நாள் முடிந்துவிடும். பெயர் தெரியாத கம்பெனியின் 32 கிளிக், அதாவது 32 குமிழ் நிலைகள், உள்ள ஷாக்கைவிட டேம்பிங் மாற்றவே முடியாத ஒரு நல்ல ஷாக் எவ்வளவோ மேல். மலிவான செட்டில் முதல் 20 கிளிக்கில் ஒன்றுமே மாறாது, கடைசி ஐந்தில் எல்லாம் ஒரேயடியாக மாறும், அதுவும் இடது ஷாக்கும் வலது ஷாக்கும் ஒன்றாக இருக்காது.

ஸ்பிரிங் 8 கிலோ என்கிறார்கள், 14 கிலோ என்கிறார்கள். எது சரி?

எண்ணை மட்டும் கேட்டால் பதில் சொல்லவே முடியாது. 8 கிலோ என்றால் ஸ்பிரிங்கை 1 மி.மீ. அமுக்க 8 கிலோ எடை வேண்டும் என்று அர்த்தம், ஆனால் சக்கரம் உணர்வது அந்த எண்ணை அல்ல. ஸ்பிரிங் ஆர்மில் எந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது என்பதைப் பொறுத்து சக்கரம் 10 மி.மீ. நகரும்போது ஸ்பிரிங் 9 மி.மீ. நகரலாம், 6 மி.மீ. மட்டுமே நகரலாம். அந்த விகிதத்தை அதனாலேயே பெருக்கி, ஸ்பிரிங் ரேட்டோடு மறுபடி பெருக்கினால்தான் சக்கரத்துக்கு வரும் கடினம் தெரியும்.

ஒரு கணக்கு போடுவோம். ஒரு மூலையில் 350 கிலோ எடை, அதில் சக்கரம் பிரேக் எல்லாம் 40 கிலோ, மீதி 310 கிலோ ஸ்பிரிங்கின் மேல் இருக்கிறது. இந்த மூலை நொடிக்கு 2 முறை ஆடும் அளவுக்குக் கடினமாக வேண்டும் என்றால் சக்கரத்தில் 1 மி.மீ.க்கு சுமார் 5 கிலோ தேவை. முன்பக்கம் மெக்பெர்சன் ஸ்ட்ரட் (ஷாக்கே சக்கரத்தைத் தாங்கும் தூணாகவும் இருக்கும் அமைப்பு), விகிதம் 0.95 என்றால் ஐந்தரை கிலோ ஸ்பிரிங் போதும். பின்பக்கம் ஸ்பிரிங் ஆர்மின் உள்பக்கமாக உட்கார்ந்து விகிதம் 0.6 ஆக இருந்தால் அதே கடினத்துக்கு 14 கிலோ ஸ்பிரிங் வேண்டும். முன்னால் 5.5, பின்னால் 14 என்று பார்த்துவிட்டுப் பின்பக்கம் கட்டையாக இருக்கும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. உண்மையில் இரண்டும் ஒன்றுதான்.

நொடிக்கு எத்தனை முறை ஆடும் என்ற அந்த எண், சாதாரண வீட்டுக் கார் 1 முதல் 1.5 வரை, ரோட்டில் ஓடும் ஸ்போர்ட்ஸ் கார் 2 வரை, பெரிய விங் எதுவும் இல்லாத ட்ராக் கார் 2 முதல் 2.5 வரை. நம்ம பாதைக்கு 1.7-லிருந்து 2-க்குள் நிறுத்திக்கொள்ளுங்கள். மன்னார்குடிக்கும் திருத்துறைப்பூண்டிக்கும் நடுவில் 2.5-இல் செட் செய்த காரில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் முதுகு வலிப்பது மட்டுமல்ல, டயரும் தரையைத் தொட்டுத் தொட்டுத்தான் போகும்.

எவ்வளவு இறக்கலாம்? 40 மி.மீ. இறக்கினால் பார்க்க நன்றாக இருக்குமே?

பார்க்க நன்றாக இருக்கும், ஓட்ட நன்றாக இருக்காது. 15 முதல் 20 மி.மீ., அவ்வளவுதான் என் அளவு. இதற்கு இரண்டு காரணம்.

ஒன்று, வேகத்தடை. இந்தியச் சாலைப் பேரவை விதிப்படி கட்டிய வேகத்தடை 3.7 மீட்டர் அகலம், நடுவில் 10 செ.மீ. உயரம், 17 மீட்டர் ஆரத்தில் வளைந்திருக்கும். முன் சக்கரத்துக்கும் பின் சக்கரத்துக்கும் 2.5 மீட்டர் இடைவெளி உள்ள கார் அதன் நடுவில் நிற்கும்போது இரண்டு சக்கரமும் அந்த வளைவின் மேலேயே இருப்பதால், அடிவயிற்றை நோக்கி மேடு ஏறிவருவது 46 மி.மீ. மட்டுமே. அதனால் 100 மி.மீ. இடைவெளி உள்ள கார்கூட மெதுவாகத் தாண்டிவிடும். ஆனால் நம்ம ஊர்த் தெருமுனையில், பள்ளிக்கூட வாசலில், கோயில் பக்கத்தில் ஊர்க்காரர்களே தாரையும் ஜல்லியையும் கொட்டிப் போட்டது அரை மீட்டர் அகலம், 15 செ.மீ. உயரம். இரண்டு சக்கரமும் அதற்கு வெளியே சமதரையில் நிற்க, மொத்த 150 மி.மீ.யும் அடிவயிற்றுக்கு நேராக வரும். 120 மி.மீ. இடைவெளியோடு வந்த கார் கம்பெனி உயரத்திலேயே தட்டும், இறக்கினால் கேட்கவே வேண்டாம். குறுக்காகச் சாய்த்து ஏற்றினால் ஏதாவது ஒரு சக்கரம் மேட்டின் மேல் இருக்கும், கொஞ்சம் தப்பிக்கலாம். வாய்க்கால் பாலங்களின் இரண்டு முனையிலும் ரோடு இறங்கிப்போய்ப் பாலம் மட்டும் தூக்கி நிற்கிறதே, அதுவும் இதே கதைதான், வேகத்தோடு வந்தால் இன்னும் மோசம்.

இரண்டாவது காரணம் ட்ராக்கிலேயே அடிபடும். மெக்பெர்சன் ஸ்ட்ரட் உள்ள காரை அதிகமாக இறக்கினால் லோயர் ஆர்மின் வெளிமுனை உள்முனையைவிட மேலே போய்விடும். காரின் எடை மையம் 40 மி.மீ. இறங்கும்போது அது சாய்கிற மையம் அதைவிட அதிகமாக இறங்கும், இரண்டுக்கும் இடையிலான தூரம் கூடும், அதனால் இறக்கிய கார் முன்பைவிட அதிகமாகச் சாயப் பார்க்கும். அதை அடக்க இன்னும் கடினமான ஸ்பிரிங் போடுவார்கள். மிச்சமிருக்கும் ஸ்ட்ரோக்கும் (ஷாக் அமுங்கக்கூடிய தூரம்) குறைவு, ஷாக் கடைசியில் இருக்கும் பம்ப் ரப்பரில் போய் இடிக்கும், வளைவின் நடுவில் ரப்பரில் இடித்தால் அந்த முனையின் பிடி சட்டென்று போய்விடும்.

ஸ்ட்ரோக் போதுமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

ஷாக் தண்டு வெளியே தெரிகிற வகை என்றால் அதில் ஒரு மெல்லிய கேபிள் டையை இறுக்காமல், தானாக நழுவாத அளவுக்கு மாட்டி, ஷாக் உடம்பை ஒட்டித் தள்ளி வையுங்கள். ஒரு நாள் வழக்கமான ரோட்டில் ஓட்டிவிட்டு வந்து சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். ஷாக் அமுங்கியபோது டையைத் தண்டில் எவ்வளவு தூரம் மேலே தள்ளியிருக்கிறது என்பது அப்படியே தெரியும். பம்ப் ரப்பர் வரை போய் நின்றிருந்தால் உயரத்தை ஏற்றுங்கள் அல்லது ஸ்பிரிங்கைக் கூட்டுங்கள். இரண்டு ரூபாய்ப் பொருள், லட்ச ரூபாய் செட்டைப் பற்றிய உண்மையைச் சொல்லிவிடும்.

உயரத்தை எந்த வளையத்தில் திருகுவது?

கீழ் பிராக்கெட்டே தனியாக மரையில் ஏறி இறங்கும் வகை என்றால் உயரத்தை அங்கேதான் மாற்றவேண்டும். ஸ்பிரிங் உட்கார்ந்திருக்கும் வளையத்தைக் கையால் திருகி ஸ்பிரிங் ஆடாத அளவுக்கு இறுக்கி, கம்பெனி சொல்லும் சில மி.மீ. ப்ரீலோடு (எடை ஏறும் முன்பே ஸ்பிரிங்கை அமுக்கி வைப்பது) மட்டும் கொடுத்து விட்டுவிடுங்கள். கீழ் பிராக்கெட் நகராத வகையில் ஸ்பிரிங் வளையம்தான் உயரத்தை மாற்றும், அதில் இறக்க இறக்க அமுங்கும் ஸ்ட்ரோக் குறையும். ப்ரீலோடு கூட்டினால் ஸ்பிரிங் கடினமாகிவிடும் என்று பலர் நம்புகிறார்கள், எவ்வளவு அமுங்கினாலும் கடினம் மாறாத நேர் ஸ்பிரிங்கில் அப்படி ஆகாது. காரின் எடை ஏறியபிறகு 5 கிலோ ஸ்பிரிங் 5 கிலோவாகவேதான் இருக்கும், கார் மட்டும் உயரும்.

என் காரில் கம்பெனியே எலக்ட்ரானிக் ஷாக் கொடுத்திருக்கிறது.

அதைக் கழற்றினால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரியும். அந்த விளக்கு எரியாமல் தடுக்க அந்த மாடலுக்கென்று விற்கும் கேன்சலேஷன் மாட்யூலையும் சேர்த்து வாங்கவேண்டும். ஹெட்லைட் மட்டம் பார்க்கும் சென்சார் கம்பி ஆர்மில் இருந்தால் அதையும் புது உயரத்துக்குச் சரிசெய்யச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் இரவில் வெளிச்சம் தப்பான இடத்தில் விழும்.

நம்ம ஊர் மெக்கானிக்கிடம் மாட்டலாமா, கோவைக்கே போகவேண்டுமா?

தாராளமாக இங்கேயே மாட்டலாம். லாரிக்கும் டிராக்டருக்கும் வேலை பார்த்துப் பழகிய கைகள், போல்ட் பற்றி அவர்களுக்கு நாம் சொல்லித்தர ஒன்றுமில்லை. ஆனால் நான்கு விஷயங்களில் பக்கத்தில் நின்று, "அண்ணே, இதை மட்டும் இப்படிச் செய்ங்கண்ணே" என்று மரியாதையாகக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஷாக் தண்டின் மேல் நட்டுக்கு இம்பாக்ட் கன் வேண்டாம். தண்டு உள்ளே சுற்றி சீல் கெட்டுவிடும், தண்டைப் பிடித்துக்கொண்டு கையால்தான் இறுக்கவேண்டும். பழைய ஸ்பிரிங்கைக் கழற்ற, அதை அமுக்கிப் பிடிக்கும் ஸ்பிரிங் கம்ப்ரெசர் கட்டாயம், சங்கிலி போட்டுக் கட்டுகிற வழக்கம் ஆபத்தானது. பிரேக் காலிப்பரை ஹோஸில் தொங்கவிடாமல் கம்பியால் கட்டி வைக்கவேண்டும், ஏபிஎஸ் ஒயரும் இழுபடக்கூடாது.

நான்காவதுதான் எல்லாரும் விடுவது. லோயர் ஆர்ம் போல்ட்டுகளைச் சக்கரம் தொங்கும்போது கடைசியாக இறுக்கக்கூடாது. ரப்பர் புஷ் இறுக்கிய நிலையிலேயே ஒட்டிக்கொள்ளும், காரைக் கீழே இறக்கியதும் அது முறுக்கிய நிலையிலேயே வாழ்நாள் முழுக்க இருக்கும், சில மாதத்தில் கிழியும், உயரமும் தப்பாகக் காட்டும். காரின் எடை சக்கரத்தில் வந்தபிறகு, கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். சுயமாகப் பூட்டிக்கொள்ளும் நட்டுகள் எல்லாம் புதிதாகப் போடுங்கள், பழையது வேண்டாம்.

உயரம் அளக்க மட்டமான தரை எங்கே கிடைக்கும்?

இது நியாயமான கேள்வி. அரிசி ஆலைக் களம் பார்க்க மட்டமாக இருக்கும், ஆனால் மழைத் தண்ணீர் வடிவதற்காக வாட்டம் கொடுத்திருப்பார்கள், அங்கே அளந்தால் தப்பாகும். வீட்டுப் போர்டிகோவே போதும், கொத்தனார் வைத்திருக்கும் டியூப் மட்டத்தை வாங்கிக்கொள்ளுங்கள். நிறமில்லாத டியூபில் தண்ணீர் நிரப்பி, காற்றுக்குமிழி இல்லாமல் தட்டிவிட்டு, ஒரு முனையை ஒரு சக்கரம் நிற்கும் இடத்தில் வைத்து மறு முனையை மற்ற மூன்று இடத்துக்கும் கொண்டுபோங்கள். தண்ணீர் எங்கே நிற்கிறது என்று சுவரிலோ கட்டையிலோ பென்சிலால் குறித்தால் நான்கு இடமும் எத்தனை மி.மீ. ஏறி இறங்கி இருக்கிறது என்று தெரிந்துவிடும். தாழ்ந்த இடத்தில் தேவையான அளவுக்கு வினைல் டைல் துண்டுகளை அடுக்குங்கள். மேல் துண்டுக்கும் அதன் கீழ்த் துண்டுக்கும் நடுவில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் காரை இறக்கும்போது சக்கரம் பக்கவாட்டில் நழுவித் தன் இடத்துக்கு வரும்.

அளவைச் சக்கரத்தின் நடுவிலிருந்து ஃபெண்டர் விளிம்பு வரை எடுங்கள், தரையிலிருந்து எடுத்தால் டயர் தேய்மானமும் காற்றும் குறுக்கே வரும். டிரைவர் சீட்டில் உங்கள் எடையில் ஒருவரை உட்காரவைக்கவேண்டும், பெட்ரோல் பாதி டேங்க். நான்கு தராசு வைத்து மூலை எடை பார்க்கும் வசதி ட்ராக் ஊர்களில் உள்ள கடைகளில் உண்டு. எதிரெதிர் மூலைகளின் கூட்டு மொத்த எடையில் 50 சதவீதத்துக்கு அருகில் வந்தால் கார் இடது வளைவிலும் வலது வளைவிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும்.

அலைன்மென்ட் எண்கள் என்ன கொடுப்பது?

முன்பக்கக் கேம்பர் (சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்தால் மைனஸ்) மைனஸ் 2 டிகிரி, டோ (சக்கரத்தின் முன்விளிம்பு உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சுழி. பின்பக்கம் மைனஸ் ஒன்றரை, கொஞ்சம் உள்நோக்கிய டோ. ட்ராக்குக்கு மட்டுமே என்றால் முன்னால் மைனஸ் இரண்டரைக்கு மேலும் போகலாம். டயரின் உள் ஓரம் தேய்ந்தால் எல்லாரும் கேம்பரைத் திட்டுவார்கள், பெரும்பாலும் குற்றவாளி டோதான். உயரத்தைத் தொட்டால் அலைன்மென்ட் மாறும், எனவே உயரம் முடிந்தபிறகே கடைக்குப் போங்கள், ஒரு வாரம் ஓட்டி ஸ்பிரிங் உட்கார்ந்ததும் இன்னொரு முறை பாருங்கள்.

கிளிக்கை எங்கிருந்து எண்ணுவது, எவ்வளவு வைப்பது?

குமிழை வலது பக்கமாக, மென்மையாக, முழுதும் மூடும் வரை திருகுங்கள். அதுதான் சுழி, அங்கிருந்து திறந்துகொண்டே எண்ணுங்கள். மூடினால் ஷாக் கடினமாகும், திறந்தால் மென்மையாகும். பலம் கொடுத்து மூடினால் உள்ளே ஊசி நுனி பழுதாகும். இடமும் வலமும் ஒரே எண். நடு எண்ணிலிருந்து ஆரம்பித்து ஒரே ரோட்டில், ஒரே வேகத்தில், ஒரு நேரத்தில் ஒரு முனையை மட்டும் இரண்டு கிளிக் மாற்றி நோட்டில் எழுதுங்கள்.

நம்ம ஊரில் எதைக் கவனிக்கவேண்டும் என்று விரிவாகச் சொல்கிறேன். டெல்டா மண் களிமண், தண்ணீர் குடித்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கும். அதனால்தான் புது ஆற்றங்கரை ரோடு மாதிரி கரையோரச் சாலைகளில் பள்ளம் இல்லாவிட்டாலும் அலை அலையாக இருக்கும். ரீபவுண்டை அதிகம் மூடி வைத்துக்கொண்டு அதில் 50 கி.மீ. வேகத்தில் போங்கள். முதல் அலையில் ஷாக் அமுங்கும், அது திரும்பி நீள்வதற்குள் இரண்டாவது அலை வந்துவிடும், இன்னும் கொஞ்சம் அமுங்கும், மூன்றாவது நான்காவதில் கார் தாழ்ந்து தாழ்ந்து கடைசியில் ரப்பரில் உட்கார்ந்துவிடும். ஓட்டுகிறவருக்கு அது "ஸ்பிரிங் ரொம்பக் கட்டை" என்று தோன்றும், போய் ஸ்பிரிங்கை மாற்றுவார். தேவைப்பட்டது இரண்டு மூன்று கிளிக் திறப்பது மட்டுமே. இதற்கு எதிர்ப்பக்கம், பாலத்து மேட்டைத் தாண்டியபின் கார் ஒரு முறை எழும்பி அடங்காமல் இரண்டாவது முறையும் மிதந்தால் திறந்தது அதிகம், மூடுங்கள்.

ட்ராக்குக்குப் போனதும் என்ன மாற்றுவது?

முதலில் ஒன்றும் மாற்றாதீர்கள், ரோட்டு செட்டிங்கிலேயே ஒரு சுற்று ஓட்டிப் பாருங்கள். டயர் காற்றை மட்டும் சூடான நிலையில் சரிசெய்யுங்கள். பிறகு இரண்டு மூன்று கிளிக் மூடிப் பாருங்கள். வளைவுக்குள் நுழையும்போது மூக்கு வெளியே இழுத்தால் முன்பக்கத்தைக் கொஞ்சம் திறக்கலாம், வெளியே வரும்போது வால் நழுவினால் பின்பக்கத்தைத் திறக்கலாம். கிளிக் கூட்டினால் பிடி கூடும் என்பது எப்போதும் உண்மையில்லை, ஒரு அளவுக்கு மேல் டயர் தரையை விட்டுவிடும்.

செட்டிப்பாளையத்தில் இருக்கும் கரி மோட்டார் ஸ்பீட்வே சுமார் 2.1 கி.மீ., நெருக்கமான வளைவுகள், கார் சீக்கிரம் திசை மாறவேண்டும். பார்முலா மாருதி கார்களை உருவாக்கிய கோவை எஸ். கரிவரதன் பெயரில் இருக்கும் ட்ராக் அது, முதல் முறை போகிறவர்கள் அவரைப் பற்றித் தெரிந்துகொண்டு போனால் நல்லது. இருங்காட்டுக்கோட்டை 3.717 கி.மீ., அங்கே வேகமான, நீண்ட வளைவுகள் உண்டு, காரின் நிதானம்தான் முக்கியம். கரியில் சுறுசுறுப்பாக இருந்த பின்பக்க செட்டிங் அங்கே வேகத்தில் பயமுறுத்தலாம், பின்பக்கத்தை இரண்டு கிளிக் திறந்துகொண்டு ஆரம்பியுங்கள்.

திரும்பி ஊருக்குக் கிளம்பும் முன் ரோட்டு எண்ணுக்குத் திருப்பிவிடுங்கள். களைப்பில் இதை மறந்துவிட்டு இரவில் 250 கி.மீ. ஓட்டுவது கொடுமை.

உப்புக்காற்று, சேறு, இதெல்லாம் தாங்குமா?

நாகப்பட்டினம், காரைக்கால், வேதாரண்யம் பக்கம் இருப்பவர்கள் துருப்பிடிக்காத எஃகில் செய்த உடம்பு உள்ள செட்டை வாங்குங்கள், கூடுதல் பணம் கொடுத்தாலும் பரவாயில்லை. மற்றவர்களுக்கும் பிரச்சினை உண்டு. அறுவடை நேரத்தில் வயலிலிருந்து ஏறும் அறுவடை இயந்திரங்கள் ரோடெல்லாம் களிமண்ணைக் கொட்டிவிட்டுப் போகும், அது மரைக்குள் போய்க் காய்ந்தால் சிமெண்டு மாதிரி பிடித்துக்கொள்ளும், பிறகு வளையத்தைத் திருகும் சி ஸ்பேனர் வழுக்கி வளையத்தின் பற்கள்தான் உடையும். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் சக்கரத்தைக் கழற்றிச் சாதாரணத் தண்ணீரும் நைலான் பிரஷும் வைத்துக் கழுவுங்கள். பிரஷர் வாட்டரை ஷாக் சீலுக்கு நேராகப் பிடிக்கவேண்டாம். காய வைத்திருக்கும் நெல்லின் மேல் ஓட்டாதீர்கள், அது விவசாயியின் உழைப்பு என்பது முதல் காரணம், வைக்கோல் போய்ச் சுற்றிக்கொள்வது இரண்டாவது.

ஆர்டிஓ, இன்ஷூரன்ஸ் பிரச்சினை வருமா?

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு, ஆர்சி விவரங்கள் தயாரிப்பாளர் கொடுத்த விவரங்களோடு வேறுபடும்படி வாகனத்தை மாற்றக்கூடாது என்கிறது, 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை அழுத்திச் சொன்னது. மாட்டுவதற்கு முன்பே இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தெரிவித்து எழுத்தில் பதில் வாங்குங்கள், பழைய ஷாக், ஸ்பிரிங் எதையும் விற்காதீர்கள். ரேஸ், வேகச் சோதனை இவற்றில் நடக்கும் சேதத்துக்குச் சாதாரணப் பாலிசி பணம் தராது, இது சஸ்பென்ஷன் மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் பொருந்தும்.

மாட்டியதிலிருந்து முன்னால் டக் டக் என்று சத்தம்.

மெதுவாகப் போய் ஸ்டியரிங்கைத் திருப்பும்போது மட்டும் வந்தால் டாப் மவுண்ட் பேரிங் அல்லது ஸ்பிரிங் முனை சரியாக உட்காரவில்லை. சின்னச் சின்ன மேட்டில் வந்தால் ஸ்டெபிலைசர் லிங்க்கைப் பாருங்கள், இறக்கிய காருக்கு அதன் நீளம் அதிகமாகி எங்காவது இடிக்கும். ரப்பர் இல்லாத பில்லோபால் டாப் மவுண்ட் என்றால் கொஞ்சம் சத்தம் அதன் இயல்பு, தூசி போனால் கூடும். வளையங்களின் பூட்டு நட்டு தளர்ந்திருந்தாலும் இதே சத்தம்தான், முதலில் பார்க்கவேண்டியது அதுதான். எண்ணெய் கசிவும் சேர்ந்து தெரிந்தால் ஓட்டாதீர்கள். ஒரே குழாய்க்குள் எண்ணெயும் அழுத்தமான வாயுவும் இருக்கும் மோனோட்யூப் ஷாக்கைப் பிரித்துக் கட்ட நைட்ரஜன் நிரப்பும் வசதி வேண்டும், உள்ளூரில் பிரிக்க விடாமல் அந்த வசதி உள்ள இடத்துக்கு, இரண்டு பக்கத்து ஷாக்கையும் ஜோடியாகவே அனுப்புங்கள்.